கடலுக்கு மேலே கண் அயர்ந்தால்...!

ஹெலிகாப்டர் விமானியின் தூக்கமும், நம் ஊர் இராத்திரி ஷிப்டும்

இரவு மணி மூன்று.

ஓசூரில் பனி இறங்குகிறது. சிப்காட் பகுதியில் தொழிற்சாலை விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாகப் போகின்றன. ஜுஜுவாடியைத் தாண்டிவிட்டால் கர்நாடகம். டீக்கடையில் பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கிறது.

தொழிற்சாலைக்குள் இராத்திரி ஷிப்டு நடக்கிறது. எந்திரத்தின் முன்னால் ஒரு வாலிபர் நிற்கிறார். அவருடைய கண்கள் திறந்துதான் இருக்கின்றன. ஆனால் ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, அவர் அங்கே இல்லை!

திடுக்கிட்டு விழிக்கிறார். கை, எந்திரத்துக்கு வெகு அருகில் போய்விட்டது.

"நல்ல வேளை!" என்று நெஞ்சைத் தடவிக்கொள்கிறார்.

இராத்திரி வேலை பார்த்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இந்த அனுபவம் இல்லாதவர் இருக்க மாட்டார்.

இப்பொழுது இன்னொன்றை எண்ணிப் பாருங்கள். அந்த மனிதர் தரையில் நிற்கவில்லை. கடலுக்கு மேலே பறந்துகொண்டிருக்கிறார். அவர் கையில் இருப்பது ஹெலிகாப்டர். பின்னால் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே எங்கு பார்த்தாலும் தண்ணீர்.

அங்கே அந்த ஒரு விநாடிக்கு என்ன விலை?

அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

ஓசூர், கடிகாரம் செய்யும் ஊர். 1980-களிலிருந்து இங்கே டைட்டன் கைக்கடிகாரங்கள் செய்யப்படுகின்றன. நாடு முழுவதும் பல லட்சம் பேர் கையில் கட்டியிருப்பது நம் ஊர்க் கடிகாரம்தான்.

ஆனால் கடையில் வாங்காத கடிகாரம் ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது. அது உடம்புக்குள்ளேயே இருக்கிறது. அதற்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லை. பாட்டரி மாற்ற வேண்டியதில்லை. சூரியனைப் பார்த்து அது தானாக ஓடுகிறது.

எப்பொழுது பசிக்க வேண்டும், எப்பொழுது தூக்கம் வர வேண்டும், எப்பொழுது உடம்புச் சூடு ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்பதையெல்லாம் அதுவே கவனித்துக்கொள்கிறது. இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இரவு 2 மணியிலிருந்து காலை 6 மணி வரை இந்தக் கடிகாரம் மனிதனைப் பார்த்து, "படு, படு" என்று சொல்லுகிறது. அந்த நேரத்தில் உடம்புச் சூடு குறைகிறது. மூளை மந்தமாகிறது. கண் எரிகிறது.

"எனக்குப் பழக்கமாகிவிட்டது" என்று சிலர் சொல்லுவார்கள். மனம் பழகலாம். உடம்புக் கடிகாரம் அவ்வளவு எளிதில் பழகாது. ஏனென்றால் காலையில் வேலை முடித்து வெளியே வந்ததும் சூரிய வெளிச்சம் கண்ணில் படுகிறது. உடனே கடிகாரம் பழைய நேரத்துக்குத் திரும்பிவிடுகிறது!

குடிக்காமல் வரும் போதை

1997-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள்.

சிலரைத் தூங்க விடாமல் விழித்திருக்கச் செய்தார்கள். அதே ஆட்களுக்கு வேறொரு நாளில் மது கொடுத்தார்கள். இரண்டு நாளும் கை, கண், கவனம் எப்படி வேலை செய்கின்றன என்று அளந்து பார்த்தார்கள்.

17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 50 மில்லி கிராம் மது ஏறியவரின் தடுமாற்றத்துக்குச் சமமாக இருந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தபோது அது 100 மில்லி கிராம் அளவுக்குப் போய்விட்டது!

நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 30 மில்லி கிராம். அதைத் தாண்டினால் வழக்கு.

அப்படியானால் என்ன அர்த்தம்? காலை 5 மணிக்கு எழுந்த ஒருவர் இரவு 10 மணிக்கு மேல் வண்டி ஓட்டினால், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலே அந்த அளவைத் தாண்டியவரைப் போலத்தான் ஓட்டுகிறார்!

விமானி வேலைக்கு வந்ததும், பறப்பதற்கு முன்னால், ஒரு கருவியில் வாய் வைத்து ஊதச் சொல்லுகிறார்கள். மது வாடை கொஞ்சம் இருந்தாலும் அவர் பறக்க முடியாது. மிகவும் நல்ல ஏற்பாடு.

ஆனால் குடித்தவரை ஊதச் சொல்லலாம். தூங்காதவரை எந்தக் கருவியில் ஊதச் சொல்லுவது?

இன்றைக்கு அதற்கு இருக்கும் முதல் காவல் ஒரு காகிதம். அதன் பெயர் ரோஸ்டர். யாருக்கு எப்பொழுது வேலை, யாருக்கு எப்பொழுது ஓய்வு என்று எழுதி வைக்கும் பட்டியல்.

கடல் நடுவே ஒரு தொழிற்சாலை

ஆகாய விமானமும் ஹெலிகாப்டரும் நம் பகுதிக்குப் புதியவை அல்ல. ஓசூருக்கு அருகே பேளகொண்டப்பள்ளியில் தனியார் விமானத் தளமே இருக்கிறது. பக்கத்தில் பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே உருவான "துருவ்" ஹெலிகாப்டர் 1992 ஆகஸ்டு 20-ஆம் தேதி முதன் முதலாகப் பறந்தது.

அந்தத் துருவ் ஹெலிகாப்டர்களில் புதிய வகையைச் சேர்ந்த நான்கை, கடல் நடுவே உள்ள எண்ணெய் மேடைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்வதற்காக விடும் ஒப்பந்தம் 2025-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. ஒப்பந்தத்தைப் பெற்றது பவன் ஹன்ஸ் நிறுவனம். ஆட்களை அனுப்புவது ஓ.என்.ஜி.சி.

கடல் நடுவே எண்ணெய் மேடையா என்று கேட்பீர்கள்.

பம்பாய்க் கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில், அரபிக் கடலுக்கு அடியில் எண்ணெய் இருப்பது 1974-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. "சாகர் சாம்ராட்" என்ற துளையிடும் கப்பல்தான் அதைக் கண்டுபிடித்தது. 1976-ல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். அந்த இடத்துக்குப் "பம்பாய் ஹை" என்று பெயர். இப்பொழுது "மும்பை ஹை" என்கிறார்கள்.

கடலில் இரும்புத் தூண்களை நட்டு, அவற்றின் மேல் மேடை கட்டியிருக்கிறார்கள். அங்கேயே எந்திரங்கள், அங்கேயே சமையல், அங்கேயே படுக்கை. ஓ.என்.ஜி.சி. ஊழியர்கள் 14 நாள் மேடையில் வேலை செய்வார்கள். அடுத்த 14 நாள் கரைக்கு வந்து குடும்பத்தோடு இருப்பார்கள்.

அவர்களைக் கொண்டுபோய் விடுவதும் அழைத்து வருவதும் ஹெலிகாப்டர். பம்பாயில் உள்ள ஜுஹு விமானத் தளத்திலிருந்து அது புறப்படுகிறது. 1932-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினாரே, அதே ஜுஹுதான்! அந்தத் தபால் அங்கிருந்து சென்னை வரை வந்து சேர்ந்தது.

எண்ணெய் மேடைகளுக்கு ஹெலிகாப்டர் விடுவதற்காகவே 1985-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் ஒரு கம்பெனியைத் தொடங்கியது. அதுதான் இன்றைய பவன் ஹன்ஸ்.

பஸ் டிரைவர் வேலை அல்ல

ஹெலிகாப்டர் ஓட்டுவது ஏன் இவ்வளவு களைப்புத் தருகிறது?

முதலாவது, அதிர்வு. தலைக்கு மேலே சுழலும் இறக்கைகள் உட்கார்ந்திருக்கும் ஆசனத்தையே அதிர வைத்துக்கொண்டிருக்கும். முதுகு வலிக்கும். கழுத்து வலிக்கும்.

இரண்டாவது, சத்தம். காதை மூடும் கருவி போட்டாலும் இரைச்சல் ஓயாது.

மூன்றாவது, வெயில். முன்புறம் முழுவதும் கண்ணாடி. கீழே கடல். மேலிருந்து வரும் வெயில் போதாதென்று, தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் கண்ணைக் கூசச் செய்யும்.

நான்காவது, இறங்குவது. பெரிய விமானம் ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கும். எண்ணெய் மேடைக்குப் போகும் ஹெலிகாப்டர் அப்படி அல்ல. ஒரு மேடையில் இருவரை இறக்கி, அடுத்த மேடையில் மூவரை ஏற்றி, ஒரே நடையில் பல தடவை ஏறி இறங்கும். ஒவ்வொரு தடவையும் இறங்க வேண்டிய இடம், கடல் நடுவே ஒரு வீட்டு மாடி அளவுதான்! பக்கத்தில் கிரேன் நிற்கும். கோபுரம் நிற்கும். எந்தப் பக்கத்திலிருந்து காற்று அடிக்கும் என்று தெரியாது.

மழைக்காலத்தில் வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். எது மேல், எது கீழ் என்று கண்ணால் கண்டுகொள்ள முடியாது. முன்னால் இருக்கும் கருவிகளை மட்டுமே நம்ப வேண்டும். இரவிலும் அப்படித்தான். மேடையில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்துவிட்டால், அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர நடு இரவிலும் அழைப்பு வரலாம்.

மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஹெலிகாப்டர், ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 70 மீட்டர் போகிறது. விமானி நான்கு விநாடி கண் அயர்ந்தால் 280 மீட்டர் போய்விடும். தாழ்வாகப் பறக்கும் நேரமாக இருந்தால், அந்த நான்கு விநாடியில் எல்லாம் முடிந்துவிடும்.

கடல் கொண்ட உயிர்கள்

இந்தக் கடல் பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது.

2003 ஆகஸ்டு 11-ஆம் தேதி, எண்ணெய் மேடை ஊழியர்களுடன் சென்ற ஹெலிகாப்டர் பம்பாய்க்கு அப்பால் கடலில் விழுந்தது. 27 பேர் பலியானார்கள்.

2015 நவம்பர் 4-ஆம் தேதி இரவு. இருட்டில் மேடையில் இறங்கிப் பழகுவதற்காகச் சென்ற ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. அதில் இருந்தவர்கள் விமானிகள் இருவர்தான். இருவரும் மறைந்தனர்.

2018 ஜனவரி 13-ஆம் தேதி காலை, ஜுஹுவிலிருந்து புறப்பட்ட ஹெலிகாப்டர் மேடைக்குப் போய்ச் சேரவில்லை. ஓ.என்.ஜி.சி. அதிகாரிகள் ஐவரும் விமானிகள் இருவரும் இறந்தார்கள்.

2022 ஜூன் 28-ஆம் தேதி, 9 பேருடன் சென்ற ஹெலிகாப்டர், "சாகர் கிரண்" என்ற துளையிடும் மேடைக்கு அருகே கடலில் இறங்கியது. மிதக்கும் பைகள் விரிந்தன. ஐந்து பேர் காப்பாற்றப்பட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள்.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவையெல்லாம் களைப்பினால் நேர்ந்த விபத்துக்கள் என்று நாம் சொல்லவில்லை. எந்திரம், வானிலை, மனிதத் தவறு என்று விபத்துக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் கடலுக்கு மேலே பறக்கும்போது தவறைத் திருத்திக்கொள்ள நேரம் இல்லை, இடமும் இல்லை என்பதை இவை காட்டுகின்றன.

அதனால்தான் மேடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விசேஷப் பயிற்சி உண்டு. ஹெலிகாப்டர் அறையைப் போன்ற ஒரு கூண்டில் அவர்களை உட்கார வைத்து, வாரால் கட்டி, நீச்சல் குளத்துக்குள் இறக்கித் தலைகீழாகப் புரட்டிவிடுவார்கள்! மூச்சை அடக்கிக்கொண்டு, வாரை அவிழ்த்து, சன்னலைத் தள்ளி வெளியே வர வேண்டும். கோவாவில் பேத்தூல் என்ற இடத்தில் ஓ.என்.ஜி.சி. இதற்காகவே ஒரு பயிற்சி நிலையம் கட்டியது. 2024 பிப்ரவரியில் அது திறக்கப்பட்டது.

விழுந்தபின் தப்புவதற்கு இவ்வளவு பயிற்சி. விழாமல் இருப்பதற்கு விமானிக்கு என்ன வேண்டும்? நல்ல எந்திரம் வேண்டும். நல்ல பயிற்சி வேண்டும். அவற்றோடு நல்ல தூக்கமும் வேண்டும்!

மங்களூர் சொன்ன பாடம்

தூக்கம் உயிரைக் குடித்த கதை நம் பக்கத்து மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. அது ஹெலிகாப்டர் அல்ல. பெரிய பிரயாணி விமானம்.

2010 மே 22-ஆம் தேதி. துபாயிலிருந்து 166 பேருடன் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூருக்கு வந்தது. மணி காலை ஆறு. மங்களூர் விமான நிலையம் குன்றின் உச்சியில் இருக்கிறது. விமானம் ஓடுபாதையில் நிற்காமல் ஓடிப் பள்ளத்தில் பாய்ந்து தீப்பிடித்தது. 158 பேர் மாண்டார்கள். உயிர் தப்பியவர்கள் எட்டுப் பேர்தான்.

விமானத்தில் பேச்சைப் பதிவு செய்யும் கருவி இருக்கிறது. அதை எடுத்துப் போட்டுக் கேட்ட விசாரணைக் குழுவினர் திகைத்தார்கள். கடைசி 2 மணி 5 நிமிடம் அதில் பதிவாகியிருந்தது. அதில் 1 மணி 40 நிமிடம் வரை தலைமை விமானியின் பேச்சே இல்லை. குறட்டைச் சத்தம் கேட்டது!

தூங்கி எழுந்தவர் விமானத்தை இறக்க முற்பட்டார். தூக்கத்திலிருந்து எழுந்தவுடன் மூளை முழுதாக விழிப்பதில்லை. நம் வீட்டில் குழந்தையைத் திடீரென்று எழுப்பினால் திருதிருவென்று விழிக்கிறதே, அந்த நிலை பெரியவர்களுக்கும் உண்டு. விமானம் அளவுக்கு மேல் உயரத்தில் வந்தது. உதவி விமானி, "இறங்க வேண்டாம், மேலே ஏறிச் சுற்றி வரலாம்" என்ற பொருளில் மூன்று தடவை எச்சரித்தார். தலைமை விமானி கேட்கவில்லை.

தலைமை விமானியின் நெடுந்தூக்கமும், விழித்தபின் இருந்த மயக்கமும் விபத்துக்குத் துணைக் காரணங்கள் என்று குழு சொன்னது. அடுத்த ஆண்டு, 2011-ல், விமானிகளின் வேலை நேரத்துக்குப் புதிய விதிகள் வந்தன.

இன்னொரு சம்பவமும் உண்டு. 1993 ஆகஸ்டு 18-ஆம் தேதி கியூபா தீவில் உள்ள குவாண்டனாமோவில் ஒரு சரக்கு விமானம் விழுந்து நொறுங்கியது. ஆச்சரியம்! உள்ளே இருந்த மூவரும் உயிர் பிழைத்தார்கள். விமானி ஏறக்குறைய 23 மணி நேரமாக விழித்திருந்தவர். விசாரணையில் அவர் என்ன சொன்னார் தெரியுமா? அந்த நேரத்தில் தான் ஏதோ அக்கறையற்ற நிலையில் இருந்ததாகச் சொன்னார்.

களைப்பின் பெரிய அபாயம் இதுதான். அது அக்கறையையே மறக்கடித்துவிடுகிறது.

வட்டி போடும் கடன்

ஒரு நாள் தூங்காவிட்டால் மறுநாள் தெரியும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால்?

2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்தார்கள். சிலரை 14 நாள் தங்கள் பார்வையில் வைத்துக்கொண்டு, தினமும் ஆறு மணி நேரமே படுக்க அனுமதித்தார்கள்.

ஆறு மணி நேரம் நமக்குப் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் நாளுக்கு நாள் அவர்களின் கவனம் குறைந்துகொண்டே போனது. இரண்டு வாரம் முடிந்தபோது, முழுதாகத் தூங்காமல் கிடந்தவர்களைப் போல ஆகிவிட்டார்கள்!

அதைவிட முக்கியமானது ஒன்று. தாங்கள் அவ்வளவு மோசமாகிவிட்டோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. "கொஞ்சம் தூக்கம் வருகிறது, அவ்வளவுதான்" என்றே நினைத்தார்கள்.

தூக்கக் கடன், கந்து வட்டிக் கடனைப் போன்றது. வாங்கும்போது தெரியாது. வட்டி ஏறும்போதும் தெரியாது. கடன்காரன் வாசலில் வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

களைத்தவருக்குத் தன் களைப்பு தெரியாது என்றால், "உனக்கு முடியுமா?" என்று அவரையே கேட்டுவிட்டு வேலைக்கு அனுப்புவது சரியா? அதனால்தான் முன்கூட்டியே எழுதி வைத்த விதி வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள்.

பட்டியல் போடுவது எப்படி?

விமானியின் நேரத்தை இரண்டு விதமாகக் கணக்கிடுகிறார்கள். ஒன்று, பறக்கும் நேரம். மற்றொன்று, வேலை நேரம். பறப்பதற்கு முன் வந்து வானிலை பார்ப்பது, எடை கணக்கிடுவது, புறப்பாடு தாமதமானால் காத்திருப்பது எல்லாம் வேலை நேரத்தில் சேரும். மூன்று மணி நேரமே பறந்தவர் பத்து மணி நேரம் வேலையில் இருந்திருக்கலாம்.

பிரயாணி விமானக் கம்பெனிகளின் விமானிகளுக்கு வருஷத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கும் வேலை கிடையாது. வாரத்தில் தொடர்ந்து 36 மணி நேரம் என்று இருந்த கட்டாய ஓய்வு, 2025 ஜூலையில் 48 மணி நேரமாக்கப்பட்டது. இரவு நேரத்தில் இறங்கும் எண்ணிக்கையைக் குறைக்கும் விதி 2025 நவம்பரில் வந்தது. ஹெலிகாப்டர் விமானிகளுக்கு அவர்கள் வேலைக்கு ஏற்றபடி தனி விதி உண்டு.

விதி வந்தால் மட்டும் போதுமா? 2025 டிசம்பர் முதல் வாரம் நினைவிருக்கிறதா? இண்டிகோ கம்பெனியின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. பெங்களூர் விமான நிலையத்தில் பெட்டிகளோடு ஜனங்கள் இரவும் பகலும் காத்துக் கிடந்தார்கள். புது விதிப்படி ஓய்வு கொடுத்தால், பட்டியலை நிரப்பப் போதிய விமானிகள் இல்லை! கடைசியில் அரசாங்கம் அந்தக் கம்பெனிக்குச் சில விதிகளிலிருந்து தற்காலிகமாக விலக்கு அளித்தது.

பிரயாணிகளின் கோபம் நியாயமானது. கல்யாணத்துக்குப் போக வேண்டியவர், பரீட்சைக்குப் போக வேண்டியவர் எல்லோரும் தவித்தார்கள். ஆனால் அந்தக் கோபத்தில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. தவறு ஓய்வு கொடுத்ததில் இல்லை. ஓய்வுக்கு வேண்டிய ஆட்களை முன்கூட்டியே சேர்த்து வைக்காததில்தான் இருந்தது.

பட்டியலைக் காகிதத்தில் சரியாகப் போட்டுவிட்டு, வேலையில் கெடுப்பதும் உண்டு. ஓய்வு நாளில் டெலிபோன் செய்து, "ஒரே ஒரு நடை" என்று கூப்பிடுவது ஒரு வழி. காலை ஷிப்டிலிருந்து இரவுக்கும், இரவிலிருந்து காலைக்கும் பந்தாடுவது இன்னொரு வழி. "எனக்குக் களைப்பாக இருக்கிறது, இன்று பறக்க மாட்டேன்" என்று சொல்லுகிறவரை முணுமுணுப்பது எல்லாவற்றிலும் மோசமானது. பறக்கும் மணிக்கு ஏற்பச் சம்பளம் கூடும் இடத்தில், அவரே வாயை மூடிக்கொள்வார்.

களைப்பு என்று சொன்னால் சம்பளம் போகாது, வேலை போகாது என்ற நம்பிக்கை இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல விதியும் காகிதத்தோடு நின்றுவிடும்.

நம் சாலையில்...

கடலை விட்டு மறுபடியும் நம் ஊருக்கு வருவோம்.

கிருஷ்ணகிரி, பெரிய சாலைகள் கூடும் ஊர். காஷ்மீரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் சாலை இதன் வழியாகத்தான் போகிறது. சென்னைச் சாலை இங்கே பிரிகிறது. இரவு முழுவதும் லாரிகளும் ஆம்னி பஸ்களும் ஓய்வதில்லை. விடியற்காலையில், தொழிற்சாலை ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்களும் சேர்ந்துகொள்கின்றன.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி, டிரைவர் நான்கு விநாடி கண் அயர்ந்தால், ஏறக்குறைய 90 மீட்டர் யாரும் ஓட்டாமலே ஓடுகிறது!

விமானிக்கு உள்ளதைப் போல லாரி டிரைவருக்கும் சட்டம் உண்டு. 1961-ஆம் ஆண்டிலேயே பார்லிமெண்டு மோட்டார்த் தொழிலாளர் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று அதில் எழுதினார்கள். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரிலிருந்து புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது.

ஆனால் விமானிக்கு நேரக் கணக்கு எழுதி வைக்கிறார்கள். கணக்கைப் பார்க்க அதிகாரி இருக்கிறார். இரவு இரண்டு மணிக்குச் சூளகிரி அருகே ஓடும் லாரி டிரைவர் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார் என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? "விடிவதற்குள் சரக்கு வந்து சேர வேண்டும்" என்ற டெலிபோன் மட்டும் தவறாமல் வருகிறது.

ஹெலிகாப்டரில் போகிறவர்கள் கொஞ்சம் பேர். சாலையில் போகிறவர்கள் நாம் எல்லோரும்.

என்ன செய்யலாம்?

தூக்கம் வந்தால் அதற்கு மருந்து தூக்கம்தான். வேறு இல்லை.

சன்னலைத் திறந்து வைப்பது, பாட்டுப் போடுவது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் சில நிமிஷம்தான் நிற்கும். டீ, காப்பி கொஞ்சம் உதவும். ஆனால் குடித்து அரை மணி நேரம் போல ஆன பிறகே அது வேலை செய்யும். அதுவும் தூக்கத்தைத் தள்ளி வைக்குமே தவிர, கடனை அடைக்காது.

குட்டித் தூக்கம் மிகவும் நல்லது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, நெடுந்தூர விமானிகளைக் கொண்டு இதைச் சோதித்தது. வேறு விமானிகள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, முறை வைத்து, ஒருவரை மட்டும் தூங்கவிட்டார்கள். சராசரி 26 நிமிஷம் தூங்கியவர்கள், தூங்காதவர்களைவிட விழிப்பாக வேலை செய்தார்கள்.

லாரி டிரைவரும் வண்டியைப் பத்திரமான இடத்தில் நிறுத்திவிட்டு 20 நிமிஷம் கண்ணை மூடலாம். எழுந்தவுடன் ஓட்டக் கூடாது. கொஞ்சம் நடந்து, முகம் கழுவி, மூளை தெளிந்த பிறகே சக்கரத்தைத் தொட வேண்டும். கடந்து வந்த ஊர் நினைவில்லை, அடிக்கடி கொட்டாவி வருகிறது, வண்டி கோட்டைவிட்டு விலகுகிறது என்றால், அதுவே கடைசி எச்சரிக்கை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

இரவு வேலை முடித்துவிட்டுக் காலையில் வந்து படுக்கிறவர் உங்கள் மகனாக இருக்கலாம், கணவராக இருக்கலாம், இரவு ஷிப்டுக்குப் போய்வரும் மகளாக இருக்கலாம். சன்னலுக்கு ஒரு கனமான துணியைப் போட்டு அறையை இருட்டாக்குங்கள். டெலிவிஷன் சத்தத்தைக் குறையுங்கள். கதவைத் தட்டுகிற பால்காரரிடமும் சொல்லி வையுங்கள். ரேஷன் கடைக்குப் போக வேண்டும், மாமா வந்திருக்கிறார் என்று பாதியில் எழுப்பாதீர்கள்.

வீட்டில் வேலை முடித்து, குழந்தைக்குச் சமைத்து வைத்து, அதன் பிறகு மூன்று மணி நேரமே தூங்கி ஷிப்டுக்குப் போகிற பெண்கள் பலர். அவர்களுடைய தூக்கத்துக்கு வீட்டில் உள்ள ஆண்கள் காவல் இருக்க வேண்டும். சமையலில் ஒரு கை கொடுத்தால் அவர்களுக்கு இரண்டு மணி நேரத் தூக்கம் கிடைக்கும்.

"விடிந்து இவ்வளவு நேரமாகியும் தூங்குகிறானே, சோம்பேறி!" என்று அக்கம்பக்கத்தார் சொல்லலாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவர் தூங்கவில்லை. இன்று இரவு வேலையிலிருந்து கையும் காலும் பத்திரமாகத் திரும்பி வருவதற்கு, அவர் தயாராகிக்கொண்டிருக்கிறார்.

கதவை மெதுவாகச் சாத்துங்கள்!